கயிறு கட்டியவர்களின் அமாவாசை

1961-ஆம் வருஷத்து என் நாட்குறிப்பில் ஆனி மாதம் பாதிக்கு மேல் வெறும் தாளாக இருக்கிறது. மற்ற மாதங்களில் மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், சாத்தூருக்கு ரயில் எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தது, அன்று எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை படித்தேன் என்பதெல்லாம் இருக்கும். ஆனியில் மட்டும் தேதி போட்டிருக்கிறேன், கீழே ஒன்றுமில்லை.

அப்போது சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளிலும் கிழமை, திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து விழுந்த பிறகுதான் மெஷின் ஓடும். ஜில்லா முழுக்க நான் சரி என்று சொன்ன நாளில்தான் கல்யாணம் வைத்தார்கள், விரதம் இருந்தார்கள். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த நாட்கள் காணாமல் போயின. காரணம் சாராயம். மதுவிலக்கு அமலில் இருந்ததால் ஊரில் கடை என்று எதுவும் கிடையாது. வைப்பாற்று மணலில் பானை புதைத்து வைத்திருப்பார்கள். ஆற்றுக்குப் போக முடியாத நாளில் அச்சுக்கூடத்து ஸ்பிரிட்டைத் தொட்டிருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் தேதியை மட்டும் எழுதிவிட்டு நடந்ததை விட்டுவிட்டால் அது பழைய நாட்குறிப்பு மாதிரியே ஆகிவிடும்.

ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு வயது மகளை ரயில் காட்டுவதற்காகச் சாத்தூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். போனது வரை தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு நான் தனியாக வீட்டுக்கு வந்து, "சாப்பாடு எடுத்து வை" என்று சொன்னேனாம். "பிள்ள எங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "எந்தப் பிள்ள?" என்றேனாம். ஸ்டேஷனில் சாமான் தூக்கும் ஒருவர் குழந்தையை நிறுவைத் தராசின் மேல் உட்கார வைத்து, கடலை மிட்டாய் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவும் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலை அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விருதுநகரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சத்தம் போடவில்லை. "இனி உங்களோட பிள்ளைய விட்டுட்டுத் தண்ணி எடுக்கக்கூட நான் போக முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

அவர்களைத் திரும்பக் கூட்டி வர வேண்டுமானால் குடியை விட வேண்டும். அதில் எனக்குக் குழப்பமில்லை. எப்படி விடுவது என்பதில்தான் குழப்பம். அதற்கு முன் நான்கு தடவை விட்டு, நான்கு தேதிகளையும் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

விருதுநகர் வாசகசாலையில் அட்டை கிழிந்த பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கிடந்தது. அமெரிக்காவில் குடியை விட நினைக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் ஓர் அறையில் கூடி உட்கார்ந்து, அவரவர் கதையை அவரவரே சொல்லிக்கொள்கிறார்களாம். டாக்டர் இல்லை, பிரசங்கி இல்லை. எல்லோருமே குடித்தவர்கள்தாம். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். இதே மாதிரி ஒரு கூட்டம் சிவகாசியிலோ சாத்தூரிலோ விருதுநகரிலோ இல்லாமலா இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எதற்குத்தான் சங்கம் இல்லை? மிளகாய் வத்தலுக்கு இருந்தது, தீப்பெட்டிக்கு இருந்தது.

முதலில் எங்கள் மெஷின்மேனிடம் கேட்டேன். விவரமான ஆள், எல்லா ஊரிலும் பழக்கம் உண்டு.

"குடிக்கிற ஆளுகள்லாம் சேந்து உக்காந்து பேசுற எடம் ஏதாச்சும் இருக்கா?"

அவர் கையில் இருந்த மைத்துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்ன அண்ணாச்சி, புதுசாக் கேக்கீக? தனியாக் குடிச்சுச் சலிச்சுப் போச்சா?"

"அதுக்கில்ல. பேசுறதுக்கு."

"பேசாம யாரு குடிக்கா? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். நல்ல ஆளுக."

நல்ல ஆளுகள்தாம். ஆற்றங்கரைக் கருவேலம் புதருக்குள் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் தன் சம்சாரம் பிரிந்து போன கதையை அழுதுகொண்டே சொன்னார். பத்திரிகையில் படித்தது போலவே ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். நானும் சொன்னேன். கையில் கிளாஸ் இருந்தது ஒன்றுதான் வித்தியாசம். அன்றைய பக்கமும் வெறுமையாகவே இருக்கிறது.

அடுத்து, விருதுநகரில் மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம் நடக்கிறது என்று நோட்டீஸ் பார்த்துப் போனேன். மேடையில் மூன்று பெரியவர்கள் பேசினார்கள். குடியின் கேட்டைப் பற்றி மூவருமே அழகாகப் பேசினார்கள். ஒருவர்கூடத் தொட்டதில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. சாராயத்தின் மணத்தை ஒருவர் வர்ணித்தது எனக்கு மை துடைக்கும் டர்ப்பன்டைன் போலப் பட்டது. முடிந்ததும் செயலாளரிடம் போய், குடியை விட்டவர்கள், விட நினைக்கிறவர்கள் யாராவது வருவார்களா, அவர்களுக்கென்று தனிக் கூட்டம் உண்டா என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ல அப்படி யாரும் கெடையாதுங்களே. சட்டந்தான் இருக்கே" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. மனதாரச் சொன்னார். நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து, இப்போது நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பஜாரில் நின்றேன்.

ஆடி மாதம் பிறந்தது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றுகிற ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. எதிரே இருந்தவன் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் குடிக்கக் கூப்பிட, இவர் கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார்.

"இன்னுமால அவுக்கல?"

"இன்னும் நாள் கெடக்கு. நீ போலே."

கூப்பிட்டவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஒரு சொல் வற்புறுத்தவில்லை. குடிப்பதில்லை என்று சாமிக்குக் கயிறு கட்டியவனைக் கூப்பிட்டால் சாமி குத்தம் கூப்பிட்டவனுக்குத்தான் வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இதை நான் கவனித்ததில்லை. அமெரிக்காவில் என்ன நடக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது.

நான் வழி கேட்க, அந்த லோடுமேன் சொன்ன விவரப்படி ஆடி அமாவாசை அன்று, வெள்ளிக்கிழமை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இருந்த கருப்பசாமி கோயிலுக்குப் போனேன். கோயில் என்றால் ஒரு பீடம், இரண்டு அரிவாள், ஒரு வாகை மரம். ஆடி அமாவாசைக்குக் கட்டினால் தை அமாவாசை வரை குடிக்கக் கூடாது; மற்ற அமாவாசைக்குக் கட்டினால் அவரவர் நேர்ந்துகொண்ட அமாவாசை வரை. இடையில் ஒவ்வொரு அமாவாசையும் வந்து சாமி முன்னால் கயிற்றைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் முறை. பத்து மணிக்குப் பூசாரி வருவார் என்றார்கள். பூசாரிக்குப் புஞ்சை வேலை. ஒரு மணிக்குத்தான் வந்தார். பிறகு தெரிந்துகொண்டேன், எல்லா அமாவாசையும் அப்படித்தான்.

அந்த மூன்று மணி நேரமும் பத்துப் பதினைந்து பேர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வேறு வேலை இல்லாததால் பேசினார்கள். நிலபுலம் உள்ள ஒரு பெரிய சம்சாரி, ஐம்பதைத் தாண்டியவர், துண்டை விரித்து உட்கார்ந்து தொடங்கினார்.

"எருக்குழியில ஒண்ணு பொதச்சு வச்சிருந்தது திடீர்னு ஞாபகம் வந்துருச்சப்பா. தோண்டி எடுத்து ஊத்திட்டேன்."

"எங்க ஊத்துனீக? வாயிலயா, தரையிலயா?" என்றார் லோடுமேன்.

"தரையிலதாம்லே. மோந்து மட்டும் பாத்தேன்."

"எம்புட்டு நேரம் மோந்தீக?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்சாரியும் சிரித்துவிட்டு, "கண்ணுல தண்ணி வந்துருச்சு, போதுமா?" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

புதிதாக வருகிறவனிடம் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. கடைசியாக எப்போது? என் முறை வந்ததும், "சென்ற சனிக்கிழமை, கிருத்திகை" என்று தொடங்கித் திதியோடு சொன்னேன். "பஞ்சாங்கமே வந்து உக்காந்துருக்குடோய்" என்று ஒருவர் சொல்ல, அன்றிலிருந்து எனக்கு அங்கே பஞ்சாங்கம் என்றுதான் பேர். ஆனால் லோடுமேன் மட்டும் தயங்கித் தயங்கி என் பக்கம் குனிந்தார்.

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி. செவ்வாக்கெழம சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல போதையில என் தோள்ல கை போட்டுட்டு, ஒங்க மகளப் பத்திச் சொல்லி அழுதீக. அப்பத்தான எடத்துக்கு வழி கேட்டீக?"

நான் அவரிடம் வழி கேட்டது திங்கட்கிழமை, தெளிவாக இருந்தபோது என்றுதான் என் நாட்குறிப்பு சொன்னது. அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை மூன்று நாட்களைத்தான் எண்ண முடிந்தது. நான் சொன்னதோ ஆறு. பூசாரி வந்து கயிறு கட்டும்போதும் மனதுக்குள் கிழமைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குத் தபால் கார்டு எழுதினேன். பதில் மாமனார் கையெழுத்தில் வந்தது: தை அமாவாசை அன்று நேரில் வரவும், அதற்கு முன் வர வேண்டாம் என்று அவள் சொல்லச் சொன்னதாக.

ஆவணி அமாவாசைக்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. யோசனை வருவதுதான் எனக்கு எப்போதும் ஆபத்து. என் ஞாபகத்தை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. மற்றவர்களுடையது மட்டும் என்ன? பத்திரிகையில் படித்தது போல முறையாக ஒரு சங்கமாக இருந்தால் யாரும் நழுவ முடியாது. கம்பெனியில் மிஞ்சிய தாளை வெட்டி, தைத்து, கலிக்கோத் துணி ஒட்டி, நாற்பது பக்க நோட்டு ஒன்று செய்தேன். கட்டம் போட்டேன். பேர், ஊர், தொழில், கடைசியாகக் குடித்த தேதி, யாரிடம் வாங்கியது. ஐந்தாவது கட்டத்தை எதற்குப் போட்டேன் என்று இன்றும் புரியவில்லை. பக்கத்தில் இடம் இருந்தது, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மரத்தடியில் நோட்டை விரித்ததும் பேச்சு நின்றது. யாரும் மறுக்கவில்லை. படித்தவன் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்வது அவர்களுக்கு மரியாதையாகப் படவில்லை போலும். சம்சாரி முதலில் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக, தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பது போல வந்து சொன்னார்கள். லோடுமேன் பேரைச் சொல்லிவிட்டு, "நல்லா எழுதிட்டீகளா?" என்று கேட்டார். நான் வாசித்துக் காட்டினேன். அன்று பூசாரி வரும் வரை மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கூட்டம் ஒழுங்காக நடந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

புரட்டாசி அமாவாசை, திங்கட்கிழமை. ஒன்பதே முக்காலுக்குப் போனேன். மரத்தடியில் ஒருவர்கூட இல்லை. பத்தரை, பதினொன்று. கண்மாயில் ஒரு நாரை மட்டும் நின்றது.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் காலண்டர் மேல். அந்த வருஷத்துக் காலண்டருக்கு நான் புரூப் பார்த்தது முந்தைய வருஷம், மிக மோசமாகக் குடித்த மாதங்களில். அமாவாசையை மாற்றிப் போட்டுவிட்டேனா? ஜில்லா முழுக்க இன்று தவறான நாளில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருக்கிறார்களா? பன்னிரண்டரைக்குப் பூசாரி வந்தபோது எழுந்து ஓடினேன்.

"இன்னைக்கு அமாவாசதானா?"

"எங்க வீட்ல நீங்க அச்சடிச்ச காலண்டர்தான் தொங்குது. அதப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார். இது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

"மத்தவங்க யாரும் வரலையே?"

பூசாரி திருநீறுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நோட்டுல பேரு எழுதுனீகளாமே."

அப்போதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. பேர் எழுதினால் என்ன? கயிற்றைக் காட்டிவிட்டு இறங்கியபோது கால்கள் ஆற்றுப் பக்கம் திரும்பின. கருவேலம் புதரின் வாசல் வரை போய்விட்டேன். உள்ளே மெஷின்மேனின் சிரிப்புக் கேட்டது. கையில் கயிறு இருந்தது. என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், நானாகத்தான் போக வேண்டும். அங்கேயே நின்றேன். உள்ளே போனால் நாளைக்கு இந்த நாளை எனக்குச் சொல்ல யாருமில்லை என்று தோன்றியது. அது அறிவா, பயமா, தெரியாது. மெயின் ரோட்டுக்கு நடந்து எம். புதுப்பட்டி பஸ் ஏறினேன்.

தீபாவளி சீசன். கம்பெனி வாசலில் வடக்கே போகிற ஆர்டருக்கு லாரி நின்றது. லோடுமேன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"யாரு நீங்க? கம்பெனிக்குள்ள வெளியாளுக வரக் கூடாது."

நான்தான் எல்லாவற்றையும் கற்பனை செய்துகொண்டேனோ? லாரி புறப்பட்ட பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் ரோட்டுக்கு வந்தார்.

"அங்கன வச்சு என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிட்டா, எப்படித் தெரியும்னு கேப்பாக அண்ணாச்சி. வெடிமருந்து புழங்குற எடம். குடிகாரன்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய."

"ஏன் யாருமே வரல?"

"அந்த நோட்டு ஒரு போலீஸ் ஏட்டு கையில கெடச்சா நாங்க அம்புட்டுப் பேரும் கோர்ட்டுல நிக்கணும். குடிச்சேன்னு நாங்களே சொல்லியிருக்கோம், தேதி போட்டு நீங்க எழுதியிருக்கீக. யாருகிட்ட வாங்குனோம்னு வேற."

"நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

"நீங்க காட்ட மாட்டீக. குடிச்ச அன்னைக்கு என்ன செய்வீகன்னு ஒங்களுக்கே தெரியாதே."

பையில் நோட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். கலிக்கோவைத் தடவிப் பார்த்தார். "நல்லா தச்சிருக்கீக" என்றார் வருத்தமாக.

"கிழிச்சிருவீகளா?"

"எதுக்கு? உள்ள பழைய தாளு மூட மூடயாக் கெடக்கு. அதோட போட்டா வெடிக்குக் குழாய் சுத்திருவாக."

பஸ் வருவதைப் பார்த்து நான் கிளம்பும்போது பின்னாலிருந்து சொன்னார்: "இன்னைக்கும் வந்திருந்தோம். கரைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தோம். நீங்க எறங்கிப் போனதும் மேல ஏறுனோம். அடுத்த அமாவாசைக்கு இந்தப் பக்கமே உக்காருவோம், வாங்க."

ஐப்பசி அமாவாசை தீபாவளியை ஒட்டி வந்தது. கயிறு கட்டியவர்களுக்கு அதைவிடக் கெட்ட நாள் கிடையாது. ஊர் முழுக்கக் குடிக்கிற நாள் அது, சட்டம் இருந்தாலும். அன்று ஒருவர்கூட விடாமல் வந்திருந்தார்கள். தூரத்தில் சரம் வெடிக்கும்போதெல்லாம், எங்கள் நோட்டுத் தாள்தான் வெடிக்கிறது என்பது போல லோடுமேன் கையை உயர்த்தி, "அந்தா போறாரு நம்ம சம்சாரி" என்பார். அடுத்த வெடிக்கு, "இது பஞ்சாங்கம். பாருங்க, லேட்டா வெடிக்குது." சம்சாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, காலையில் எருக்குழி வரை போய்விட்டுத் திரும்பியதைச் சொன்னார். நானும் கருவேலம் புதர் வாசலில் நின்றதைச் சொன்னேன். தேதி சொல்லவில்லை.

தை அமாவாசைக்கு இன்னொரு சங்கடம் வந்து சேர்ந்தது. 1962 பிப்ரவரி தொடக்கத்தில் எட்டு கிரகங்கள் ஒரே ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அமாவாசையும் அதற்குள்ளேயே, ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தாள்களுக்கு நான்தான் புரூப் பார்த்தேன். திங்கட்கிழமைத் தாளிலும் ராகுகாலம் போட்டிருந்ததால் உலகம் இருக்கும் என்றுதான் நம்பினேன். ஆனால் மரத்தடியில் அன்று ஒரு குரல், "அழியத்தான போகுது, கயித்த அவுத்துட்டு ஆளுக்கு ஒரு வாய் குடிச்சா என்ன?" என்றது. சம்சாரி, "அழியலேன்னா?" என்று கேட்டார்.

என் குழப்பம் வேறு. கயிற்றை அவிழ்த்துவிட்டு விருதுநகர் போவதா, கட்டிக்கொண்டு போவதா? அவிழ்த்தால் வாக்கை முடித்தவன். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து யாரும் என்னைக் கூப்பிடலாம். திரும்பக் கட்டிக்கொண்டால் இன்னும் சரியாகாதவன். மனைவி எதைப் பார்க்க விரும்புவாள்? லோடுமேனிடம் கேட்டேன்.

"பொண்டாட்டிகிட்டப் போறதுக்கு இம்புட்டு யோசனையா? நீங்க என்ன செய்யணும்னு நெனைக்கீக?"

"தெரியல."

"தெரியலேன்னா கட்டிட்டுப் போங்க. தெரிஞ்ச பொறவு அவுத்துக்கலாம்."

அப்படியே கட்டிக்கொண்டு போனேன். மாமனார் வீட்டில் கிரகசாந்திக்கு ஹோமம் வளர்த்த புகை இன்னும் அடங்கவில்லை. மகள் தூணுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள், வரவில்லை. மனைவி என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"இன்னைக்கு அவுக்கணும்ல?"

"அவுத்தாச்சு. திரும்பக் கட்டிக்கிட்டேன்."

"எது வரைக்கும்?"

"மாசி அமாவாசை வரைக்கும்."

"அதுக்குப் பொறவு?"

"அங்கன போய் உக்காந்து பேசிட்டுத்தான் சொல்ல முடியும்."

அவள் உள்ளே போய்விட்டாள். தவறான பதிலைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். வாழ்நாள் பூராவும் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டுமோ? அதைத்தான் நான்கு தடவை சிவப்பு மையில் எழுதியிருந்தேன். புகையில் கண் எரிந்தது. கால் மணி நேரம் கழித்து, டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். மகளின் தலையில் புது ரிப்பன் இருந்தது.

"சிவகாசிக்கு பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் எல்லா பஸ்ஸின் நேரமும் எனக்கு மனப்பாடம். நாலே கால் என்றேன். அது சாத்தூர் பஸ். அவள்தான் போர்டைப் படித்துவிட்டு எங்களைக் கீழே இறக்கினாள்.